கண்ணுக்குள்ள ஒட்டுப்பால்

வா மாப்பிள்ள, உக்காரு. ஞாயித்துக்கிழமையும் அதுவுமா ஸ்கூடாயிலேருந்து குளுவாங் வரைக்கும் மோட்டார்ல மாமனைப் பாக்க வந்திருக்கன்னா, ஒண்ணு கடன் கேக்க வந்திருக்கணும், இல்ல என் மக என்னைப் பத்தி உன்கிட்ட கோள் சொல்லியிருக்கணும். எதுவா இருந்தாலும் முதல்ல ஒரு வாய் குடி. தம்பி, இவருக்கு ஒரு தே தாரிக், ஒரு ரொட்டி சானாய். எனக்கு கோப்பி ஓ கோசோங். கோசோங்னா கோசோங்தான். போன வாரம் மாதிரி, தாத்தாவுக்கு அன்பா ஒரு கரண்டின்னு சீனியைப் போட்டுடாதே. உன் அன்பெல்லாம் என் கண்ணுல போய் நிக்குது.

இது என்னடா, உக்காந்ததுலேருந்து கையை வீசி வீசி எதையோ விரட்டிக்கிட்டே இருக்க? கொசுவா? குளுவாங்ல கொசு இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா நீ விரட்டுற கொசு என் கண்ணுக்குத் தெரியலையே. என்னது, வலது கண்ணு முன்னால மட்டும்தான் பறக்குதா? மூணு நாளாவா? மொளகுத்தூளை அள்ளித் தூவுன மாதிரியா?

இரு, ஒரு போன் பேசிட்டு வந்துடறேன். ஒண்ணுமில்ல, உன் அத்தைக்கு வெத்தலை வேணுமாம்.

ம், வந்துட்டேன். தம்பி, அந்த ரொட்டியைக் கல்லுல போட்டுட்டியா? இன்னும் இல்லையா? அப்ப நிப்பாட்டு. தே-யும் வேணாம். என்னடா முறைக்கிற? இன்னிக்கு மாவு புளிச்சிருக்கு, வாடையிலேயே தெரியுது. உன் மோட்டார் சாவியைக் கொஞ்சம் குடு, காது அரிக்குது. குடுடா, தங்கச் சாவியா அது.

இப்ப சொல்லு. தூக்கம் பத்தல, தினம் காலையில நாலு மணிக்கு எழுந்து பாலம் தாண்டி சிங்கப்பூர் போறேன்ல, அதான் மாமான்னு சொல்ற. எங்க காலத்துல எந்த நோவு வந்தாலும் பேய் அடிச்சிடுச்சும்போம். உங்க காலத்துல எது வந்தாலும் தூக்கம் பத்தலங்கிறீங்க. பேயாவது வேப்பிலை அடிச்சா போயிடும்.

கண்ணாடிக் கடைக்குப் போனியா? போய் புது பிரேம் மாத்தினியாக்கும், அறுநூறு வெள்ளி. அழகா இருக்கு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி. கூரை ஒழுகுதுன்னா வாசக்கதவுக்கு பெயிண்ட் அடிச்சிருக்க. கடைக்காரரைக் குத்தம் சொல்ல மாட்டேன். பூச்சி பறக்குதுன்னு அவர்கிட்ட நீ வாயைத் திறந்தியா? இல்ல. பவர் பாக்கணும்னு மட்டும் சொல்லியிருப்ப. என்ன பவர்? ரெண்டு கண்ணுலயும் எண்ணூறு. அது போதும், மிச்சக் கதையை நான் சொல்றேன்.

நீ பொறக்கும்போதே ரெங்கம் பக்கத்துத் தோட்டமெல்லாம் செம்பனையா மாறிடுச்சு. உனக்கு ஒட்டுப்பால்னா என்னன்னு தெரியாது. விடியறதுக்கு முன்னால பேர் கூப்பிடுற பெரட்டு கலைஞ்சதும் தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு மரத்துக்கு மரம் ஓடுவோம். வெட்டுன கோட்டு வழியா பால் வடிஞ்சு மங்குல விழும். பாலை வாளியில ஊத்துனதுக்கு அப்புறமும் மங்கோட உள்பக்கமெல்லாம் மெல்லிசா ஒரு ஏடு ஒட்டியிருக்கும், அதான் ஒட்டுப்பால். மறுநாள் அதை விரலால உரிச்சு எடுத்துட்டுத்தான் மரத்தை வெட்டுவோம். மங்கு முழுக்கப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற ஏடுதான், ஆனா ஒரு ஓரத்துல நகம் பட்டாப் போதும், சர்ருனு மொத்தமும் கழண்டு கையோட வந்துடும். ராத்திரி மழை பெஞ்சு மங்குல தண்ணி நின்னு, ஏட்டுல ஒரு சின்னக் கிழிசலும் இருந்துச்சுன்னு வை, நகமே வேணாம். தண்ணி கிழிசல் வழியா அடியில பூந்து, ஏடு தானா மிதக்கும்.

உன் கண்ணும் ஒரு மங்குதான். அதோட உள்பக்கம் ஒட்டியிருக்கிற ஏட்டைத்தான் விழித்திரைங்கிறாங்க, ரெட்டினா. கால் மில்லிமீட்டர் கனம்கூட பல இடத்துல கிடையாது. அந்த ஏட்டுலதான் நீ பாக்கிற பொண்ணு, பொருளு, போலீஸ்காரன் எல்லாரும் வந்து விழறாங்க, அதுவும் தலைகீழா. மூளைதான் அதை நிமித்தி வச்சுக் காட்டுது. முன்னால இருக்கிற கண்ணாடி வில்லை புகைஞ்சு போனா அது கண்புரை. அதை மாத்திக்கலாம், உன் அத்தை ரெண்டு கண்ணுலயும் மாத்திக்கிட்டு இப்ப என் சட்டைப் பையில இருக்கிற சில்லறையைக்கூட தூரத்துலேருந்து எண்ணுறா. பின்னால இருக்கிற ஏட்டுக்கு மாத்து கிடையாது. ஈப்போ ரோட்டுல போயி ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டாலும் கிடைக்காது.

மங்குக்குள்ள என்ன இருக்குங்கிற? அகார் அகார் மாதிரி ஒரு பசை, நாலு மில்லி இருக்கும். நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது பங்கு தண்ணிதான். சின்ன வயசுல கெட்டியா இருக்கும். வயசாக ஆக நீத்துப் போயி, சுருங்கி, ஏட்டை விட்டு விலகும். விலகும்போது அதுல இருக்கிற நாரும் திரியும் உள்ளே மிதந்து, ஏட்டு மேல நிழல் போடும். அந்த நிழல்தான் நீ விரட்டுற கொசு. என்னை மாதிரி அறுபது தாண்டின கெழவனுக்கெல்லாம் இது நரைச்ச முடி மாதிரி, வரத்தான் செய்யும். ஒண்ணு ரெண்டு பூச்சி வருஷக் கணக்கா அப்படியே மிதந்துக்கிட்டு இருக்கும், பழகிப்போகும், பேரு வச்சுக் கூப்பிடலாம். ஆனா எண்ணூறு பவர் வச்சிருக்கிறவன் கண்ணு நீளமான கண்ணு. பலூனை இழுத்த மாதிரி, ஏடும் இழுபட்டு மெலிஞ்சு போயிருக்கும். அவனுக்குப் பசை சீக்கிரமே விலகும். விலகும்போது எங்கேயாவது ஒட்டிக்கிட்டு விட மாட்டேன்னு இழுத்தா, ஏடு கிழியும். திடீர்னு கூட்டமா பூச்சி வந்தா, மொளகுத்தூள் தூவுன மாதிரி வந்தா, அது நரைச்ச முடி இல்ல மாப்பிள்ள. கிழிசலா இருக்கலாம், ரத்தக் கசிவா இருக்கலாம்.

பயப்படாதே, நான் கதைதான சொல்றேன். ஒண்ணு கேக்கிறேன், மின்னல் அடிக்குதா? ஓரக்கண்ணுல பளிச் பளிச்சுனு? ஜேபி-யில கண்ணாடிக் கோயில் இருக்கே, ராஜகாளியம்மன் கோயில், சுவரு கூரை தூணு எல்லாம் கண்ணாடிச் சில்லு பதிச்சது. அங்க போயி நின்னா நாலு பக்கமும் மின்னும், அது அம்மன் அருள். வீட்டுல விளக்கை அணைச்சுட்டு, கண்ணை மூடிப் படுத்த பிறகும் ஓரத்துல மின்னுச்சுன்னா அது அருள் இல்ல. பசை ஏட்டைப் பிடிச்சு இழுக்குதுன்னு அர்த்தம். இழுபடுற ஏட்டுக்கு வலிக்கத் தெரியாது. வெளிச்சம் வந்தா சொல்லு, இதுதான் அதுக்குத் தெரிஞ்ச ஒரே பாஷை. அதனால இழுத்தாலும் வெளிச்சம்னுதான் சொல்லும்.

இங்கதான் நம்ம ஆளுங்க ஏமாந்து போறது. பல்லு வலிச்சா ராத்திரியோட ராத்திரியா ஓடுவான். கால்ல முள்ளு குத்துனா ஊரைக் கூட்டுவான். கண்ணுல ஒரு தூசி விழட்டும், தோட்டமே கூடி ஊதும். பின்னால ஏடு கழண்டு விழுது, ஒரு முணுமுணுப்பு கிடையாது. வலிக்கலையே மாமாம்பான். கடன்காரன் கதவைத் தட்டுவான்டா, கள்ளன் தட்டுவானா?

அதுக்கு மேல நமக்கு ரெண்டு கண்ணு இருக்கு பாரு, அது ஒரு தொல்லை. ஒண்ணு தப்புப் பண்ணா இன்னொண்ணு ஜாமீன் குடுத்துடும். ரெண்டையும் திறந்து வச்சுப் பாத்தா எல்லாம் ஒழுங்காத்தான் தெரியும். ஒத்தைக் கண்ணு முக்காவாசி போன பிறகுதான் ஆளுக்கு விஷயமே தெரியும். எப்படித் தெரியும்கிறியா? என்னையே எடுத்துக்க.

மூணு வருஷம் முன்னால, இதே மாதிரி ஒரு கடை. நான் ஒரு நாலு நம்பர் எடுத்திருந்தேன். முறைக்காதே, வாரத்துல ஒரு வெள்ளிதான். ரிசல்ட் எழுதின போர்டு எதுத்தாப்புல தொங்குது. ரொட்டிக்கல்லு புகை வலது கண்ணுல அடிச்சுது, அதைக் கசக்கிக்கிட்டே இடது கண்ணால போர்டைப் பாத்தேன். என் நம்பர்! முதல் பரிசுல! எட்டு எட்டு ஆறு மூணு. போர்டு கொஞ்சம் கோணலா, தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி ஆடிச்சு, சந்தோஷத்துல ஆடுதுன்னு நினைச்சேன். எழுந்து நின்னு, கடையில இருக்கிற அத்தனை பேருக்கும் தே தாரிக் என் கணக்குன்னு சத்தம் போட்டேன். பதினோரு கிளாஸ். எல்லாரும் கையைக் குலுக்கிட்டுக் குடிச்சு முடிச்ச பிறகு வலது கண்ணைத் திறந்தேன். மூணு எட்டு ஆறு மூணு. திரும்பவும் வலதை மூடினேன், எட்டு. திறந்தேன், மூணு. கடைப் பந்தல் கம்பிகூட ஒத்தைக் கண்ணுக்கு நடுவுல வளைஞ்சு நின்னுச்சு. பதினோரு தே தாரிக் காசு குடுத்துக் கண்டுபிடிச்ச நோவு அது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு நினைக்கிறியா? உன் மாமனாச்சே. நந்தியாவட்டைப் பூவைக் கண்ணு மேல வச்சுப் படுத்தேன். ஒருத்தர் தேன் விடச் சொன்னாரு, விட்டேன், எறும்புதான் வந்துச்சு. ஒரு ஏஜெண்ட் வீட்டுக்கே வந்து ஊதா நிறத்துல ஒரு பாட்டில் வித்துட்டுப் போனான். பூவும் தேனும் கண்ணு வாசல்லயே நின்னுடும்டா, வீட்டுக்குப் பின்கட்டு வரைக்கும் எங்க போறது. ரெண்டு மாசம் அப்படியே ஓட்டுனேன். என் மகதான் கண்டுபிடிச்சா. மிஸி, அதான் நர்ஸ் வேலை பாக்கிறவ கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா. சாம்பாரை ஊத்துறேன்னு தட்டுக்குப் பக்கத்துல மேசையில ஊத்திட்டேன், பிடிச்சுக்கிட்டா.

பதினாலு வருஷமா எனக்கு இனிப்பு நீர். கிளினிக் கெசிஹாத்தான்ல மாத்திரை வாங்கப் போறப்பல்லாம், பாக்சிக், கண்ணைப் படம் எடுக்கணும், அந்த அறைக்குப் போங்கன்னு சீட்டு குடுப்பாங்க. நான் அந்த அறை வாசல் வரைக்கும் போவேன், அப்படியே கழிவறைப் பக்கமா திரும்பி வெளியே வந்துடுவேன். கண்ணுதான் நல்லாத் தெரியுதே, படம் எடுத்து என் கல்யாணத்துக்கா பாக்கப் போறாங்கன்னு. வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு வெள்ளி சீட்டுல முடியுற வேலை.

அந்த இனிப்பு நீர் என்ன பண்ணுதுன்னா, ஏட்டுக்குள்ள முடியை விட மெல்லிசா ரத்தக் குழாய் ஓடுது பாரு, அதோட சுவரை அரிச்சு இளக்கிடுது. பழைய லயத்துத் தண்ணிக் குழாய் மாதிரி அங்கங்க புடைக்கும், கசியும். கசிஞ்ச நீர் நடுவிடத்துல தேங்கினா, எழுத்து படிக்கிற, முகம் பாக்கிற அந்த நடுவிடம்தான் வீங்கும். அதான் மூணு எட்டாச்சு. இன்னும் முத்திப்போச்சுன்னா குழாய் அடைச்சுக்கும், ஏடு பட்டினி கிடக்கும், சரி நானே புதுக் குழாய் போட்டுக்கிறேன்னு கண்ட இடத்துல முளைக்கவிடும். லைசன்ஸ் இல்லாத காண்டிராக்டர் கட்டுன வேலை மாதிரி அதெல்லாம் சோதாக் குழாய், தும்மினாக்கூட உடைஞ்சு கண்ணுக்குள்ள ரத்தம் கொட்டும். இவ்வளவும் நடக்க ஆரம்பிச்சு ரொம்ப நாளைக்கு ஆளுக்கு ஒண்ணுமே தெரியாது. தெரியாத அந்தக் காலத்துலதான் வைத்தியம் நல்லாப் பலிக்கும், அதுதான் வேடிக்கை.

2019-ல சுகாதார அமைச்சு எடுத்த கணக்குல நாட்டுல பெரியவங்க நூத்துல 18 பேருக்கு இனிப்பு நீர். நம்ம இந்தியர்களை மட்டும் எடுத்தா 31 பேருக்கு. மூணுல ஒண்ணுன்னு வச்சுக்க. இங்க மூணு பேர் இருக்கோம், நீ, நான், தே ஆத்துற தம்பி. கோட்டாவை நான் ஒருத்தனே முடிச்சு வச்சிருக்கேன், நீங்க ரெண்டு பேரும் எனக்கு நன்றி சொல்லணும். 2014-ல ஐம்பது வயசுக்கு மேலே இருக்கிறவங்களைப் பாத்த கணக்கு ஒண்ணு, பார்வை போனவங்கள்ல பத்துல ஒருத்தருக்கு மேல இந்த இனிப்பு நீர்க் கண்ணாலதான். கண்புரைதான் அதை விட ரொம்ப அதிகம், ஆனா அது திருப்பிக் கிடைக்கிற சொத்து.

என் கண்ணுக்கு ஆஸ்பத்திரியில போட்ட ஊசிக் கதையா? கேக்கவே கண்ணைச் சுருக்கிற. கண்ணுக்குள்ளதான் போடுவாங்க, வேற எங்க போடுறது. மரத்துப்போற சொட்டு விட்டு, பழுப்பு மருந்தால கழுவி, கண்ணை மூடாம இருக்க ஒரு கம்பி வச்சு, கருவிழி ஓரத்துலேருந்து நாலு மில்லிமீட்டர் தள்ளி வெள்ளை முழியில குத்துவாங்க. படுத்திருக்கேன், டாக்டர் பொண்ணு மேல பாருங்க பாக்சிக்ங்குது. எனக்குக் கண்ணப்ப நாயனார் ஞாபகம் வந்துடுச்சு. அவரு சாமிக்காக அம்பால கண்ணைத் தோண்டுனாரு, நான் தே தாரிக்குக்காகப் படுத்துக் கிடக்கேன். அவரு ரெண்டாவது கண்ணுக்குப் போறப்ப சிவன் வந்து கையைப் பிடிச்சாரு. எனக்கு என் மக வந்து சீனி டப்பாவைப் பிடிச்சா. எல்லாம் யோசிச்சு முடிக்கலை, முடிஞ்சுபோச்சு எழுந்திருங்கன்னுட்டாங்க. எறும்பு மிதிச்ச அளவுக்குத்தான். அந்தப் பழுப்பு மருந்துதான் சாயங்காலம் வரைக்கும் காந்தும். மாசம் ஒண்ணுன்னு ஆரம்பத்துல போட்டாங்க. பாதி திரும்புச்சு. முழுசா இல்ல. கம்பி இன்னும் லேசா வளைஞ்சுதான் நிக்குது. அந்த ரெண்டு மாசத் தேனுக்கும் பூவுக்கும் நான் கட்டுற வட்டி.

வளைவுன்னதும் ஞாபகம் வருது. மார்க் அம்ஸ்லர்னு ஒரு சுவிட்சர்லாந்துக் கண் டாக்டர் கட்டம் போட்ட தாள் ஒண்ணு பண்ணி வச்சாரு. ஒரு கண்ணை மூடிக்கிட்டு நடுப்புள்ளியைப் பாக்கணும், கோடு வளைஞ்சாலோ கட்டம் காணாமப் போனாலோ நடுவிடத்துல கோளாறு. என் மக அதை எடுத்துக்கிட்டு வந்து சுவத்துல ஒட்டப் போனா. நான் சொன்னேன், அம்ஸ்லருக்கு முன்னாலயே நம்ம வீட்டுல கட்டம் போட்டு மாட்டியிருக்கோம்மான்னு. குதிரைக் காலண்டர்! சதுரம் சதுரமா, கொட்டை எழுத்துல தேதி. டாக்டர் குடுத்த தாளுக்கு அது சமமில்லதான், ஆனா தாளு பீரோவுக்குள்ள போயிடும், காலண்டர் சுவத்துலயே நிக்கும். தினம் காலையில பல்லு விளக்கிட்டு ஒவ்வொரு கண்ணா மூடிப் பாக்கிறேன். உன் அத்தை, கெழவன் காலண்டரைப் பாத்துக் கண்ணடிக்கிறாருன்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கா.

உரிஞ்சுபோன ஏட்டுக்கு வழியே இல்லையான்னு கேக்கிற. நூறு வருஷம் முன்னால கேட்டிருந்தா, ஏறக்குறைய இல்லைன்னுதான் சொல்லியிருப்பாங்க. அப்ப அதே சுவிட்சர்லாந்துல, லோசான் ஊருல, ஜூல் கொனான்னு ஒரு டாக்டர். ஏடு ஏன் கழளுதுன்னு ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிக்கிட்டு இருந்தப்ப, ஓட்டை இருக்கு, அதை அடைச்சா ஒட்டும்னு சொன்னாரு. ஓட்டையைத் தேடிப் பிடிச்சு சூட்டுக்கோலால சுட்டு அடைச்சாரு. 1920-கள்ல. நம்ப மாட்டேன்னாங்க, கண்ணு தெரிஞ்சவங்க நடந்து வந்து காட்டுனாங்க. மங்குல ஒட்டுப்பால் உரிச்ச எந்தப் பொம்பளையைக் கேட்டிருந்தாலும் ஓட்டை வழியாத்தான் தண்ணி பூரும்னு சொல்லியிருப்பா. கேக்கிறதுக்கு அவங்க குளுவாங் பக்கம் வரலை.

சூடுன்னதும் இன்னொண்ணு. 2019 டிசம்பர் 26-ந் தேதி தஞ்சோங் பியாயில வளைய கிரகணம் பாக்கப் போனியே, சரியான கண்ணாடி போட்டுத்தான பாத்த? பூதக்கண்ணாடியில வெயிலைப் பிடிச்சு காகிதம் எரிச்சிருக்கோம்ல, அதே வேலையை உன் கண்ணு வில்லை ஏட்டு மேல பண்ணிடும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு பழமொழி சொல்றோம், வெறுங்கண்ணால நமஸ்காரம் பண்ணியே கெட்டவனும் இருக்கான். 1945-ல ஜெர்மனியில கிரகணத்தை முறைச்சுப் பாத்து ஏட்டைச் சுட்டுக்கிட்ட ஒரு மருத்துவ மாணவன், கெர்ட் மேயர்-ஷ்விக்கராத்னு ஒரு டாக்டர்கிட்ட வந்தான். நாமளா இருந்தா தலையில குட்டி அனுப்பியிருப்போம். அந்த மனுஷன் அந்தச் சூட்டுத் தழும்பைப் பாத்துட்டு, அட, வெளிச்சத்தாலயே கிழிசலை ஒட்டலாம் போலிருக்கேன்னு யோசிச்சாரு. ஆஸ்பத்திரிக் கூரையிலேருந்து கண்ணாடி வச்சுச் சூரியனையே நோயாளி கண்ணுக்குள்ள இறக்கினாரு. இன்னிக்கு லேசர்ங்கிறது அதோட பேரப்பிள்ளை. கிழிசலா இருக்கும்போதே பிடிச்சுட்டா, சுத்திவர லேசரால தையல் போட்ட மாதிரி போட்டு அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

கிழிசல் தாண்டி ஏடு கழள ஆரம்பிச்சுட்டா ஆபரேஷன். உள்ளே காத்துக் குமிழி விட்டு ஏட்டை அமுக்கி ஒட்ட வைக்கிறதும் உண்டு. நாள் கணக்குல குப்புறப் படுக்கச் சொல்லுவாங்க, குனிஞ்சே இருக்கணும்பாங்க. உன்னை நான் குனிஞ்சு பாத்ததே கிடையாது. குமிழி கரையற வரைக்கும் பிளேன் ஏறக்கூடாது, மலை ஏறக்கூடாது. உசரத்துக்குப் போனா குமிழி விரிஞ்சு கண்ணை நெருக்கிடும். அதாவது கெந்திங் கிடையாது. ஆபரேஷனுக்கு என் கூட்டாளி ஒருத்தன் தயங்குனது ஊசிக்கோ கத்திக்கோ இல்ல, இதுக்குத்தான்.

மெட்ராஸ் போலாமாங்கிற. பத்ரிநாத் டாக்டர் 1978-ல ஆரம்பிச்ச சங்கர நேத்ராலயா நல்ல இடம்தான், அவரே விழித்திரை டாக்டரா இருந்தவரு. ஆனா மாப்பிள்ள, நடுவிடம் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கும்போதே கத்தி பிடிக்கணும், அது மணிக்கணக்கு, நாள் கணக்கு. நீ டிக்கெட் விலை இறங்கட்டும்னு போனைத் தேய்ச்சுக்கிட்டு இருப்ப.

சரி, திங்கக்கிழமை பாத்துக்கலாமா? நம்ம ஜொகூர்ல வெள்ளி சனின்னு இருந்த லீவையே 2025-லேருந்து சனி ஞாயிறா மாத்திட்டாங்க, கண்ணுக்கு யாரு போய்ச் சொன்னா? ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு ஞாயித்துக்கிழமையும் திறந்துதான் இருக்கு. அங்க ஓட வேண்டிய இன்னொண்ணும் கேளு. ஒரு கண்ணு கடை ஷட்டரை இறக்கின மாதிரி பட்டுனு இருட்டி, கொஞ்ச நேரத்துல தானா திறந்துடுச்சுன்னா நம்ம ஆளு, அப்பாடா சரியாயிடுச்சுன்னு படுத்துடுவான். அது ஏட்டுக்கு ரத்தம் போற குழாய் அடைக்கிறது, அடுத்து மூளைக்குழாய்க்கும் வரலாம். பக்கவாதத்துக்கு ஓடுற மாதிரியே ஓடணும். சின்னப்பிள்ளையைப் போட்டோ எடுத்தா ஒரு கண்ணு சிவப்பா, இன்னொண்ணு பூனைக்கண்ணு மாதிரி வெள்ளையா விழுதுன்னா, படம் நல்லா வரலைன்னு அழிச்சிடாதே, படத்தோட டாக்டர்கிட்ட போ. கண்ணுல கட்டியா இருக்கலாம். உன் தங்கச்சிகிட்ட சொல்லு, பிள்ளையைத் தினம் நூறு படம் எடுக்கிறா.

மாலைக்கண்ணு இருக்கே, அதுல பரம்பரையா வர்ற வகை ஒண்ணு, மெல்ல மெல்ல ஓரப்பார்வையைத் தின்னும். சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்டா பிள்ளைகளுக்கு வர்ற வாய்ப்பு கூடுதல். உனக்கு என் மகளைக் கட்டிக் குடுக்காததுக்கு இதுதான் காரணம்னு உங்க அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். நிசக் காரணம் உன் எண்ணூறு பவர்.

டாக்டர் உள்ளே பாக்க சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிப்பாங்க. கத்தி வைக்காம உடம்புக்குள்ள ரத்தக் குழாயை நேராப் பாக்கணும்னா அங்க ஒரு இடத்துலதான் பாக்கலாம். நான் அந்தச் சொட்டோட வெளியே வந்து குளுவாங் வெயிலைப் பாத்தேன் பாரு! ஊரே வெள்ளாவி வச்ச மாதிரி. உன் அத்தையோட பூப்போட்ட குடையைப் பிடிச்சுக்கிட்டு, வேற யாரோ ஒரு அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டிட்டேன். அந்தம்மா ஒண்ணும் சொல்லலை. உன் அத்தைதான் இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கா. அதுக்குத்தான் மோட்டார் ஓட்டக்கூடாதும்பாங்க.

எழுந்திரு, இப்படி வா. தே கல்லாவுக்கு மேல குதிரைக் காலண்டர் மாட்டியிருக்கு பாரு. இடது கண்ணைக் கையால பொத்து. விரலிடுக்கு விடாதே, பரீட்சையில எட்டிப் பாக்கிறவன் நீ. வலது கண்ணால நடுக்கட்டத்தையே பாரு. தலையை ஆட்டாதே. கோடெல்லாம் நேரா இருக்கா? நல்லது. நாலு மூலையும் தெரியுதா?

கீழ் மூலை?

எந்தப் பக்கம், மூக்குப் பக்கமா? மங்கலா இருக்கா, இல்ல துணி போட்டு மூடுன மாதிரியா? சரி. கையை எடு. உக்காரு. கீழே இருட்டுன்னா உள்ளே மேல் பக்கம்டா, அங்க எல்லாம் தலைகீழ்னு சொன்னேன்ல. நடுக்கோடு நேரா இருக்கு, அது நல்ல சேதி, அதை அப்படியே வச்சுக்கிட்டுக் கிளம்பணும்.

தோ, ஹாரன் அடிக்கிறா பாரு. என் மகதான். வெத்தலைக்கு நான் எப்பவாவது போன் பண்ணியிருக்கேனா, உங்க அத்தைக்கு வெத்தலை போடுற பழக்கமே கிடையாது. ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டேன், வழியில எல்லாம் சொல்லுவா. ரொட்டி மாவு நல்லாத்தான் இருந்துச்சு, ஆபரேஷன்னாங்கன்னா வயிறு காலியா இருக்கணும், அதான் நிப்பாட்டுனேன். சாவியா? அது என் மடியில இருக்கு. உன் மோட்டாரை நான் ஓட்ட மாட்டேன், கம்பி வளையுறவன் ரோட்டுக்கு வந்தா ஊரு தாங்காது.

தம்பி, மோட்டாரைக் கடைக்குள்ள தள்ளி வை. கணக்கை எழுதிக்க. ஒரு கோப்பி ஓ கோசோங் மட்டும்தான், ஞாபகமிருக்கட்டும். போடா, முன் சீட்டுல உக்காரு. நான் பின்னால வர்றேன்.